கற்ஸ்கில் மலையின் பொய் ஈக்கள்

நியூயோர்க் மாநகரின் வானளாவும் மாடங்களை விட்டு வடமேற்கே ஏறக்குறைய 120 மைல் சென்றால், றொஸ்கோ என்னும் சிற்றூரை அடையலாம். கற்ஸ்கில் மலைச்சாரலில் அமைந்த இவ்வூரிலே பீவர்கில், வில்லோவிமொக் என்னும் இரண்டு ஆறுகள் ஒன்றுகூடுகின்றன. ‘கில்’ என்பது ஓடையைக் குறிக்கும் ஒல்லாந்தச் சொல். நம் நாட்டின் கரையோரங்களை ஆண்ட ஒல்லாந்தர் முன்னாளில் இப்பகுதிகளிலும் குடியேறி, ஆறுகளுக்குப் பெயர்களை விட்டுச் சென்றனர்.

நாம் அங்கு சென்றது ஏப்பிரல் மாதக் கடைசியில். மரங்கள் இன்னும் தளிர்க்கவில்லை. ஆற்றில் இடுப்பளவு நீரிலே சிலர் தூண்டிற்கோலுடன் அசையாது நின்றனர். எவரும் தூண்டிலை வீசவில்லை. எதற்காகக் காத்திருக்கின்றனர் என வினவினோம். “ஈ வரவேண்டும்” என்றார் ஒரு முதியவர்.

அவர் சொன்னது மே ஈ என்னும் சிறு பூச்சியை. ஏறக்குறைய ஓராண்டு காலம் ஆற்றுக் கற்களினிடையே புழுப்பருவத்தில் வாழும் இப்பூச்சி, இளவேனிலில் நீர்மட்டத்துக்கு எழுந்து சிறகு விரிக்கின்றது. மரத்திலே தங்கி மீண்டும் ஒருமுறை தோலுரிக்கின்றது. சிறகு முளைத்த பின்னரும் தோலுரிக்கும் பூச்சியினம் இஃது ஒன்றே. உண்பதற்கு உதவும் வாய் அதற்கு இல்லை. ஓரிரு நாட்களிற் கூடி, முட்டையிட்டு, மடிந்துவிடுகின்றது.

ஆங்கிலேயர் நுவரெலியாவின் குளிரோடைகளிற் கொண்டுவந்து விட்ட ட்றவுட் மீனை நம்மவர் சிலர் அறிந்திருப்பர். அம்மீன் இந்த ஈக்களை விரும்பி உண்பது. ஆயின், ஓர் இனத்து ஈ திரளாக எழும் வேளையில் மற்றெதனையும் அது பெரும்பாலும் ஏறெடுத்தும் பாராது. ஆகவே தூண்டில் முள்ளின்மீது இறகும் உரோமமும் பட்டுநூலும் சுற்றி, அன்று எழும் ஈயைப் போலவே பொய் ஈ கட்டவேண்டும்.

இக்கலையை இம்மலையில் வளர்த்தவர் தியோடர் கோர்டன் (1854–1915). இங்கிலாந்தில் அந்நாளிற் பேர்பெற்றிருந்த ஹல்போர்ட் என்பார், 1890இல் தம் பொய் ஈக்களின் மாதிரிகளை அவருக்கு அனுப்பிவைத்தார். அவையோ தென்னிங்கிலாந்தின் அமைதியான ஓடைகளுக்கும் அங்குள்ள பூச்சிகளுக்கும் ஏற்றவை. இங்கு ஆறும் வேறு, ஈயும் வேறு. கோர்டன் கட்டும் முறையைக் கற்றுக்கொண்டார். உருவத்தைத் தம் ஆற்றிலே தேடினார். நீரின் வெப்பம் 50 பாகை பரனைற்றை அணுகும்போது எழும் முதல் ஈக்களுள் ஒன்றுக்கு அவர் அமைத்த உருவமே ‘குவில் கோர்டன்’. அதன் உடல் எதனால் ஆனது தெரியுமா? மயிற்பீலியின் கண்ணிலிருந்து எடுத்த நரம்பினால்! அந்நரம்பின் கருமையும் வெண்மையும் பூச்சியின் உடல் வரிகளாகவே தோன்றுகின்றன. சாம்பல் நிறச் சேவலின் விறைத்த கழுத்திறகு, விரையும் நீரிலும் அதனை மிதக்கச் செய்கின்றது.

அவர் கைவித்தையைக் கற்ற றோய் ஸ்ரீன்றொட், 1916இல் அடுத்து எழும் ஈக்கு நரியின் இளஞ்சிவப்புச் சாயலுடைய உரோமத்தால் ஓர் உருவம் கட்டி, ஹென்ட்றிக்சன் என்னும் தம் நண்பரின் பெயரை அதற்கு இட்டார். நாம் சென்ற நாளில் எழுந்தவை அந்த ஈக்களே. பிற்பகல் 2 மணியளவில் நீரின்மேல் சின்னஞ்சிறு பாய்க்கப்பல்கள் போல் அவை மிதந்துவந்தன. அதுகாறும் உயிரற்றிருந்த ஆறு வட்டம் வட்டமாகக் குமிழியிட்டது. முதியவர் ஒரு மீனைப் பிடித்தார். முள்ளை மெல்லக் கழற்றி மீண்டும் ஆற்றிலே விட்டார். ஆற்றின் அப்பகுதியில் விதியும் அதுவே.

இக்கலை ஒருகால் அற்றுப்போயிருக்கவும் கூடும். 1920களின் பிற்பகுதியில் வால்ற் டெற் என்பார், றூபன் குறொஸ் என்னும் கைதேர்ந்தவரிடம் கற்பிக்குமாறு வேண்ட, அவர் மறுத்துவிட்டாராம். டெற்றும் மனைவி வினியும் குறொஸ் கட்டிய ஈக்களை வாங்கி, ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்து, குறித்துவைத்துக் கற்றனர். பின்னர் அவர்கள் மகளும் அத்தொழிலையே மேற்கொண்டார். மறுத்த குறொஸும் 1936இல் தம் முறைகளை நூலாகவே வெளியிட்டார்.

கோர்டன் உலாவிய நெவர்சிங்க் ஆற்றின் ஒரு பகுதி இன்று இல்லை. நியூயோர்க் நகரத்தாரின் தாகந்தீர்க்க 1953இல் கட்டிமுடிக்கப்பட்ட அணையின் நீர் அதனை மூடிவிட்டது. அவர் பார்த்துநின்ற கரைகள் ஆழத்திலே கிடக்கின்றன. ஆனால், அக்கரைகளில் நின்று அவர் கண்டதெல்லாம் விரல்நுனியளவான ஒரு பொய் ஈயிலே கட்டப்பட்டிருக்கின்றது. இளவேனில்தோறும் யாரோ ஒருவர் மயிற்பீலியின் நரம்பை நூலோடு சேர்த்துச் சுற்றும்போது, மறைந்த அந்த ஆற்றங்கரை அவர் விரல்களிடையே மீண்டும் உருப்பெறுகின்றது.