கஜூர் ரோடு 16/330

ராஜா சார் பாட்டு பத்தியே எழுதறீங்களே, இத்தனை வருஷமா தில்லியில இருக்கீங்க, அந்த ஊர்ப் பாட்டு ஒண்ணும் காதுல விழலையான்னு ஒரு நண்பர் கேட்டிருந்தார். விழுந்தது சார். விழுந்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் எழுந்திருக்கலை :-) அந்தக் குழுவுக்குப் பேர் இந்தியன் ஓஷன்.

ராக் பேண்டுன்னதும் காதைப் பொத்திக்காதீங்க. 1990-ல தில்லியில சுஷ்மித் சென் கிடாரோடும் அஷீம் சக்ரவர்த்தி தபலாவோடும் ஆரம்பிச்ச குழு. அப்புறம் பாஸ் கிடாருக்கு ராகுல் ராம், டிரம்ஸுக்கு அமித் கிலம். ராகுல் நர்மதா அணை எதிர்ப்புப் போராட்டத்துல இருந்தவர். 'மா ரேவா' அந்தப் பள்ளத்தாக்கு ஜனங்க பாடற பாட்டு. அஷீம் தரையில சம்மணம் போட்டு உக்காந்து, தபலாவும் வாசிச்சுக்கிட்டு, கூடவே பாடவும் செய்வார்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். 2002-ல பி.காம் முடிச்ச கையோட வங்கி வேலை கிடைச்சு, கரோல் பாகில் ஒரு மாடி ரூமுக்கு வந்து சேர்ந்தேன். அறையில கூட இருந்த மலையாளிப் பையன்கிட்ட 2000-ல வந்த 'காந்தீசா' சி.டி இருந்தது. தலைப்புப் பாட்டு கேரளத்து சிரியன் கிறிஸ்தவங்களோட பழைய பிரார்த்தனை, மொழி சிரியாக். கேரளத்துப் பிரார்த்தனை, வங்காளித் தபலா, தில்லிக் குழு, கேக்கறவன் கும்பகோணத்துக்காரன். ஒரு வார்த்தை புரியலை. ஆனா ஊர்ல மார்கழி விடியக்காலைல தூரத்துக் கோயில் பாட்டைப் போர்வைக்குள்ள இருந்து கேப்போமே, அதே மாதிரி இருந்தது.

அதுக்கப்புறம் மத்த ஆல்பங்களைத் தேடி அலைஞ்சேன். அஜ்மல் கான் ரோடு, பாலிகா பஜார்னு ஞாயித்துக்கிழமையெல்லாம் கேசட் கடை. 'டெசர்ட் ரெயின்' கிடைக்கவே எட்டு மாசம் ஆச்சு. 1997 ஜனவரி 1 அன்னிக்கு, சஃப்தர் ஹாஷ்மி நினைவா சஹ்மத் அமைப்பு நடத்தின நிகழ்ச்சியில வாசிச்சதை அப்படியே பிடிச்சுப் போட்ட ஆல்பம் அது. 1993-ல எச்.எம்.வி போட்ட முதல் கேசட் மட்டும் எந்தக் கடையிலயும் சிக்கலை. கடைசியில எங்க ஆபீஸ் ஆடிட் பிரிவு வங்காளி தாதா ஒருத்தர்கிட்ட இருந்தது. சனிக்கிழமை கொடுத்து, "திங்கக்கிழமை காலைல என் மேஜைல இருக்கணும். ஸ்ட்ராங் ரூம் சாவின்னு நினைச்சுக்கோ"ன்னார். ரெண்டு ராத்திரியும் தூங்கலை. ஞாயித்துக்கிழமை பேட்டரி தீந்து போய் ரெண்டு தடவை கீழ இறங்கி வாங்கிட்டு வந்தேன்.

'பிளாக் ஃப்ரைடே' படம் கோர்ட் தடையெல்லாம் தாண்டி 2007-ல வெளிவந்தப்ப, 'பந்தே' பாட்டு மூலமா ஊரே இவங்களைக் கண்டுக்கிச்சு. எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் நம்ம வீட்டு விஷயம் தெருவுக்குப் போன மாதிரி ஒரு வருத்தம்.

2009 டிசம்பர் 25 அன்னிக்கு அஷீம் இறந்துட்டார்.

காமர்ஸ் படிச்சவங்களுக்குத் தெரியும், 'கோயிங் கன்சர்ன்'னு ஒண்ணு சொல்லித் தருவாங்க. கடையை நாளைக்கு மூடப் போறதில்லை, தொடர்ந்து நடக்கும்னு நம்பித்தான் கணக்கே எழுதறோம். அந்த நம்பிக்கையில சந்தேகம் வந்தா ஆடிட்டர் அதைத் தனியாச் சொல்லணும். நான் ஆடிட்டரா இருந்திருந்தா அன்னிக்கு எழுதியிருப்பேன். குரலும் போச்சு, தபலாவும் போச்சு, மீதி என்ன இருக்கு?

2010-ல அதுக்குப் பதில் வந்தது. அஷீம் இருந்தப்பவே பதிவு பண்ணி வெச்சிருந்த ஏழு பாட்டு. மாசத்துக்கு ஒண்ணா இணையத்துல விட்டாங்க, யார் வேணா காசு கொடுக்காம இறக்கிக்கலாம். ஆல்பத்தோட பேர் '16/330 கஜூர் ரோடு'. அவங்க வருஷக்கணக்கா ஒத்திகை பார்த்த பழைய வீட்டோட விலாசம். கரோல் பாக்! நான் கேசட் தேடி அலைஞ்ச அதே கரோல் பாகில்தான் இவங்க உக்காந்து வாசிச்சுக்கிட்டு இருந்திருக்காங்க. பூசா ரோடு தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் பசங்களை அனுப்பின நம்மாளுங்க எத்தனை குடும்பம் அந்தப் பக்கம் இருந்தது! பாதிப் பேர் துவாரகா, நொய்டான்னு போயாச்சு. நானும்தான்.

அஷீம் இடத்துக்கு எத்தனை பேர் வந்தாங்க தெரியுமா? ரெண்டு பேர். பாட்டுக்கு ஹிமான்ஷு ஜோஷி, தபலாவுக்கு துஹீன் சக்ரவர்த்தி. (எங்க வங்கியில ரெண்டு பேர் ரிட்டயர் ஆனா ஒருத்தரைக் கூடப் போட மாட்டாங்க, அது வேற கதை.) 2013-ல சுஷ்மித்தும் விலகினார். ஆரம்பிச்ச ரெண்டு பேருமே இல்லை. சரி, முடிஞ்சதுன்னு நினைச்சா, 2014-ல 'தண்டனு' வந்தது. பாட்டுக்கு ஒரு விருந்தாளி. நம்ம வயலின் குமரேஷ், கஞ்சிரா செல்வகணேஷ் கூட இருக்காங்க. 2023-ல 'தூ ஹை'.

அந்த 2014-லதான் எங்க அப்பா போனார். முதல் வருஷப் பொங்கலுக்கு ஊருக்குப் போய், அவர் மாதிரியே வேட்டியை இறுக்கிக் கட்டி, அவர் மாதிரியே குரலை உயர்த்தி எல்லாத்தையும் செஞ்சுக்கிட்டு இருந்தேன். அம்மா கொஞ்ச நேரம் பாத்துட்டு, "அப்பா மாதிரி செய்ய வேண்டாம்பா. உனக்கு வர்ற மாதிரி செய், போதும்"னா. தங்கமணி அடுப்படியில இருந்து எட்டிப் பாத்து முதல் தடவையா சிரிச்சா.

'தண்டனு' அப்பதான் எனக்குப் பிடிபட்டது. அதுல யாரும் அஷீமா ஆகப் பாக்கலை. அவர் குரல் பழைய விலாசத்துலயே பத்திரமா இருக்கு, இவங்க வேற வீட்டுல வேற மாதிரி குடித்தனம் பண்றாங்க. பழைய ஆல்பங்களை நான் இன்னும் விடாம வெச்சிருக்கறதும் அதனாலதான். குழு நடக்கும், பேர் நிலைக்கும். ஆனா அந்த நாலு பேர் ஒண்ணா உக்காந்த அந்தச் சாயங்காலம், அந்தச் சுத்துற நாடாவுல மட்டும்தான் இருக்கு.

புதுசாக் கேக்கறவங்க 'காந்தீசா'வுல ஆரம்பிங்க, அப்புறம் 'கஜூர் ரோடு', அதுக்கப்புறம் 'தண்டனு'. இந்த வரிசை முக்கியம். வார்த்தை புரியலைன்னு கவலைப்படாதீங்க.

இன்னொண்ணு. டிரான்ஸ்ஃபர்னு வந்தா நாம முதல்ல கழிச்சுக் கட்டறது பழைய கேசட் டப்பாவைத்தான். அடுத்த தடவை மூட்டை கட்டும்போது, காயலான் கடைக்காரனைக் கூப்பிடறதுக்கு முன்னாடி ஒரு தடவை அதுக்குள்ள கையை விட்டுப் பாத்துடுங்க.