இனாம் விலாசம்

நான் ஓய்வு பெற்றது 2003-ல். முப்பது வருடத்துக்கு மேல் கோப்பு எழுதியவனுக்குச் சொந்தமாக ஒரு மின்னஞ்சல் விலாசம் கிடையாது. எங்கள் லால்பேட்டையில் பல வீட்டுப் பிள்ளைகள் வளைகுடா நாடுகளில்தான் இருப்பார்கள். என் மகனும் அங்கேதான். போனில் பேசினால் செலவு, யாஹூவில் இனாமாகக் கணக்கு கிடைக்கும் என்றான். சிதம்பரத்துக்குப் பஸ் ஏறிப் போய், பிரவுசிங் சென்டர் பையனின் தயவில் கணக்குத் தொடங்கினேன்.

தமிழில் மடற்குழுக்கள் நடப்பது அங்கேதான் தெரிந்தது. மனைவி போய்ச் சேர்ந்த வருடம் அது. பேச ஆள் வேண்டியிருந்தது. ஒரு குழுவில் சேர விண்ணப்பித்தேன். பெயர் வேண்டாம். மூன்றாம் நாள் பதில் வந்தது: இலவச விலாசங்களை ஏற்பதில்லை, அலுவலக விலாசமோ கட்டணம் கட்டிய விலாசமோ இருந்தால் அனுப்பவும். ஓய்வு பெற்றவனுக்கு ஏது அலுவலக விலாசம்? ‘விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது’ என்று எத்தனையோ பேருக்கு எழுதியவன் நான். எனக்கே வந்தபோதுதான் அதன் கனம் தெரிந்தது.

அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. இனாம் கணக்கை யாரும் எந்தப் பெயரிலும் திறக்கலாம்; மறைந்து நின்று திட்டிவிட்டுப் போகலாம். கூடவே விளம்பர வால். 1996-ல் சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் தொடங்கிய ஹாட்மெயில், ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் ‘நீங்களும் இலவசமாகச் சேரலாம்’ என்று ஒரு வரி ஒட்டித்தான் உலகமெங்கும் பரவியது. மற்றவர்களும் அந்த வழியைப் பிடித்துக்கொண்டார்கள். ‘அருமை ஐயா’ என்று இரண்டு சொல் எழுதினால் கீழே நாலு வரி விளம்பரம். டயல்-அப்பில் டெலிபோன் காசு கொடுத்துப் படிப்பவருக்கு எரிச்சல் வராதா?

ஆனால் அந்தக் காலத்திலேயே தபால் நிலையத்தில் மேகதூத் அட்டை விற்றார்கள். 2002-ல் வந்தது. சாதாரண அட்டை 50 காசு. முகவரிப் பக்கத்தில் விளம்பரம் அச்சிட்ட மேகதூத் 25 காசு. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கு விளம்பரம் என்றால் ‘ரெக்லாம்’. ரெக்லாம் போட்ட அட்டை என்பதற்காக எந்தத் தபால்காரரும் அதைக் கொடுக்காமல் திருப்பியதில்லை. விளம்பரம் வேறு யாருடையதோ, சேதி நம்முடையது.

வேறொரு குழுவுக்கு எழுதினேன். அந்த மட்டுறுத்துனர் கேட்டது இரண்டே: சொந்தப் பெயரில் எழுதுங்கள், பதில் எழுதும்போது முந்தைய மடலில் தொங்கும் விளம்பர வாலை வெட்டிவிடுங்கள். புதியவர்களின் முதல் சில மடல்களை அவரே படித்துப் பார்த்துத்தான் உள்ளே விடுவார். பயந்த இரண்டுக்கும் அவ்வளவுதான் மருந்து. ஆளை வெட்ட வேண்டியதில்லை, வாலை வெட்டினால் போதும்.

பிற்பாடு ஒன்றைக் கவனித்தேன். என்னைத் திருப்பியனுப்பிய குழுவே யாஹூவின் இனாம் இடத்தில்தான் நடந்தது. அதன் மடல்களின் அடியிலும் யாஹூவின் விளம்பரம்! நான் விரும்பிப் படித்த மரத்தடி, ராயர் காபி கிளப் எல்லாமும் அங்கேதான் இருந்தன. யாஹூ 2019 கடைசியில் பழைய மடல்களை அகற்றியது. 2020 டிசம்பர் 15-ல் குழுக்களையே மூடிவிட்டது. வாசலில் நின்றவனின் விலாசத்தைச் சோதித்தார்கள். வீடே இனாம் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை.

சிதம்பரத்தில் காசு கொடுத்து அச்செடுத்த சில மடல்கள் மட்டும் என்னிடம் இருக்கின்றன. பழைய பழக்கம், நூல் கோத்து ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன்.