உபதேசியார் வண்டி

மிதிவண்டியின் உயிர் அதன் சட்டத்தில் இருக்கிறது என்பர் தொழிலறிந்தோர். சக்கரம் மாறலாம், செயின் மாறலாம், இருக்கை மாறலாம். சட்டம் மாறினால் அது வேறு வண்டி. குருமடத்தில் நாம் பயின்ற நாள்களில், ஒரு பொருளின் சாரம் எது, அதைச் சார்ந்து நிற்பவை எவை என்று பேராசிரியர்கள் மணிக்கணக்கில் விளக்கியதுண்டு. சைக்கிள் கடைக்காரர் அதனை ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார். ஆனால் சட்டத்திலேயே ஒரு குழாய் பழுதாகி, அதையும் மாற்ற வேண்டி வந்தால்? சென்ற ஆண்டு நமது பங்கில் ஒரு வண்டி உருவானபோது இது வெறும் ஏட்டுக் கேள்வியாக நிற்கவில்லை. ஓர் இளைஞனின் உடல் அதன்மீது ஏறவிருந்தது.

நமது பங்கில் நெடுங்காலம் உபதேசியாராயிருந்து மறைந்த பெரியவரின் வண்டி அது. வாய்க்கால் கரையோரமாகக் கிளைக் கிராமங்களுக்கு அவர் அதில்தான் போய்வந்தார் என்று முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவருக்குப் பின் சக்கரங்களும் மட்கார்டுகளும் கேரியரும் ஒவ்வொன்றாகக் கழன்று போயின. எஞ்சிய கூடும் காயலான் கடைக்குப் போய்விட்டது. பேரன் அதனை இரும்பு விலைக்கே மீட்டு வந்து, நமது இல்லத் திண்ணையில் சாய்த்து வைத்தான். விபத்தொன்றில் முறிந்து தேறிய அவனது இடது முழங்கால் முழுதாக மடங்குவதில்லை. மிதிவண்டி ஓட்டலாம், வலிந்து மடக்கக் கூடாது என்பது மருத்துவரின் சொல். “தாத்தா வண்டியத்தான் ஓட்டணும் சாமி” என்றான்.

துருவைத் துடைத்தபோது தலைக்குழாயின் முகப்பில் ராலே முத்திரையும் நாட்டிங்காம் என்னும் ஊர்ப்பெயரும் தெரிந்தன. பல்சக்கரத்தில் நாரைத் தலைகள். ராலே நிறுவனத்தின் அடையாளமே நாரைதான். நம் நாட்டில் 1949-இல் சென்னையையடுத்த அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தோன்றிற்று; 1950-களில் மேற்கு வங்கத்து ஆசன்சோலில் சென்-ராலே வண்டிகள் உருவாயின. இதுவோ இங்கிலாந்திலிருந்தே கப்பலேறி வந்தது. உபதேசியாரின் சம்பளத்துக்கு அதைப் புதிதாக வாங்கியிருக்க முடியாது, எத்தனையாவது கையோ!

நமது ஊர்ச் சைக்கிள் கடை பாய், எழுபதைக் கடந்தவர், சட்டத்தைச் சுண்டிப் பார்த்தார். முதல் சிக்கல் கிராங்க் அச்சு அமரும் கப்புகளில் வந்தது. பிரித்தானிய வண்டிகளில் அவ்விடத்து மறைக்குப் பெரும்பாலும் அங்குலத்திற்கு 24 புரிகள்; நாட்டிங்காம் ராலேயில் மட்டும் 26. கடைத்தெருவில் கிடைக்கும் கப்பை முடுக்கினால் இரண்டு சுற்று ஏறும், மூன்றாவதில் மறையைத் தின்றுவிடும். ஆகவே பழைய கப்புகளையே மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, பக்கத்திற்குப் பதினொன்றாக 22 புதிய கால் அங்குலப் பால்ரஸ் போட்டார். ரிம், டயர் பற்றிக் கவலை இருக்கவில்லை. 28-க்கு ஒன்றரை அங்குல டயர் மேனாடுகளில் தேடிப்பிடிக்க வேண்டிய சரக்கு. நமக்கு அது பால்காரர் வண்டியின் டயர்.

பிறகுதான் அந்தக் கீறல். கீழ்க்குழாய் தலைக்குழாயைச் சந்திக்கும் மூட்டின் ஓரத்தில், மயிரிழை போல் ஏதோ இருப்பதாகப் பாய் ஐயுற்றார். அவ்விடத்தில் மண்ணெண்ணெய் தடவி, சிறிது பொறுத்துத் துடைத்துவிட்டு, சுண்ணக்கட்டியைத் தேய்த்தார். வெண்மையின்மேல் மெல்ல ஒரு கறுத்த கோடு கசிந்து எழுந்தது. உள்ளே புகுந்த எண்ணெய் வெளியே வந்து காட்டிக்கொடுத்த கோடு அது. குழாயின் சுற்றளவில் மூன்றிலொரு பங்கு இருக்கும்.

“மேல ஒரு பத்தை வெச்சு வெல்டு அடிச்சிடலாம் சாமி. ஓடும். எத்தனை நாள்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க” என்றார் பாய். அவ்விடத்தில் குழாய் முறிந்தால் முன்சக்கரம் மடிந்து, ஓட்டுபவன் தலைகுப்புற விழுவான். குழாயையே மாற்றுவது என்று நாம் உறுதியாகச் சொன்னோம். பேரனுக்கு அது பிடிக்கவில்லை. தாத்தா தொட்ட இரும்பில் ஒரு துண்டைக்கூட எறிய அவனுக்கு மனம் வரவில்லை. வேண்டுமானால் வண்டியைச் சுவரில் மாட்டி வைக்கிறேன் என்றான். உணவு விடுதிகளில் அலங்காரத்திற்குத் தொங்கும் சைக்கிள்களைக் கண்டாலே நமக்கு ஒருவகை வருத்தம் தோன்றும். ஆயினும் அவனிடம் அதைச் சொல்லவில்லை. அவனுடைய அப்பாயிதான் வழக்கைத் தீர்த்தார். “உங்க தாத்தா வருசத்துக்கு ஒண்ணு மாத்துவாரு. இருக்கிற ரெண்டு காலுல ஒண்ணு போச்சு, இன்னொண்ணையும் ஒடைச்சுக்காத” என்றார் அந்த அம்மையார். கணவரின் வண்டியைக் காயலான் கடைக்குப் போட்டதே அவர்தான் என்பது பின்னர் தெரிந்தது!

பழைய சட்டங்களுக்கு ஒரு நற்குணம் உண்டு. குழாய்கள் ஒன்றோடொன்று உருக்கி இணைக்கப்பட்டவை அல்ல. மூட்டுக் கூட்டுக்குள் செருகி, இடைவெளியில் பித்தளை உருக்கிப் பாய்ச்சியவை. எஃகு உருக ஏறத்தாழ 1500 பாகை வேண்டும். பித்தளைக்கு 900 போதும். அந்த அளவுக்குச் சூடேற்றினால் எஃகு கெடாமலே மூட்டு வாய் திறக்கும். வேறொரு நசுங்கிய சட்டத்திலிருந்து எடுத்த குழாயை அளவாக அறுத்துச் செருகி, கேஸ் அடுப்புச் சீற்றத்தில் பாய் மறுபடி பித்தளை பாய்ச்சியபோது, அது செந்நிறச் சட்டத்தில் பொன்னிழையாக ஓடி மூட்டுக்குள் மறைந்ததைக் கண்டோம். ஆறியபின் தலைக்குழாயில் நூல் கட்டி, பின்சக்கரம் மாட்டும் இரு முனைகளையும் சுற்றிக் கொணர்ந்து, நடுக்குழாய்க்கும் நூலுக்கும் இடைவெளி இருபுறமும் ஒன்றா என அளந்தார். ஒரு பக்கம் இரண்டு மில்லிமீட்டர் கூடியிருந்தது. முழங்காலால் ஓர் அழுத்து, மறுபடி நூல். மூன்றாம் முறை அளவு ஒத்து வந்தது.

அடுத்தது முழங்காலின் கணக்கு. சாதாரண வண்டியில் மிதி உச்சிக்கு வரும்போது முழங்கால் ஏறத்தாழ 110 பாகை மடங்க வேண்டும். அவனுக்கு அது இயலாது. வலப்பக்கம் ஆறரை அங்குலக் கிராங்க்கை அப்படியே விட்டு, இடப்பக்கம் சிறுவர் சைக்கிளின் ஐந்தரை அங்குலக் கிராங்க்கை மாட்டினோம். இடது பாதம் இப்போது சிறிய வட்டம் சுற்றும். உச்சியில் ஓர் அங்குலம் தாழ்ந்தே நிற்கும். பின்னால் 18 பல்லுக்குப் பதில் 20 பல் ஃபிரீவீல் போட்டதால் மிதியும் இலேசாயிற்று. வேகம் குறையும்; எதிர்காற்றில் அதை அவன் பொருட்படுத்த மாட்டான். கம்பிப் பிரேக்கைப் பழையபடியே வைத்தோம். மழையில் நனைந்த ரிம்மில் அது பிடிப்பதைவிடக் கத்துவதே அதிகம் என்று எச்சரித்திருக்கிறோம்.

நெருப்புப் பட்ட இடங்களில் மட்டும் கறுப்பு வண்ணம் பூசினார்கள். மேற்குழாயின் நடுவே, பிள்ளைகளை உட்கார வைத்து உட்கார வைத்து வண்ணம் தேய்ந்த ஒரு முழ நீளத்தைத் தொடவேண்டாம் என்று கேட்டவர் அப்பாயிதான்.

பேரன் இப்போது காலையில் ஆற்றுப்பாலம் வரை போய்வருகிறான். முதல் வாரத்திலேயே இடது கிராங்க் ‘டக், டக்’ என்று சத்தமிட்டது. புதிய காட்டர் பின் அப்படித்தான், சற்று ஓடினால்தான் இருப்பிடம் கொள்ளும் என்று பாய் அதைச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி மரையை முடுக்கினார். இன்னொரு நாற்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.