ஞாயிறு சந்தையில் ஒரு ரேடியோ

“கஜா புயல் அடிச்சப்போ வாரக்கணக்குல கரன்ட் இல்ல, செல்போன் டவரும் விழுந்துபோச்சு. பேட்டரியில ஓடுற பழைய ரேடியோ ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். எப்படிப் பார்த்து வாங்குறது?” வேதாரண்யம் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். புகையானுக்கும் குருத்துப்பூச்சிக்கும் பதில் சொல்லிப் பழகியவன் நான். ஆனால் ஆடுதுறை 27 ரகத்தை ‘ரேடியோ நெல்’ என்றே ஜனங்கள் கூப்பிட்ட துறையில் இருந்துகொண்டு, தெரியாது என்று தட்டிக்கழிக்க மனம் வரவில்லை. போன ஞாயிறு கடலூரில் பஸ் ஏறி, புதுச்சேரி காந்தி வீதி சந்தைக்குப் போனேன், பையில் நான்கு புது பேட்டரியோடு.

பேட்டரி எதற்கென்றால், பத்து வருஷம் முன்பு அப்பாவுக்காக ஒரு பழைய செட் வாங்கி ஏமாந்தேன். கடையில் அடாப்டரில் போட்டுக் காட்டினார்கள், கணீரென்று பாடியது. வீட்டில் பேட்டரி போட்டால் மூச்சே இல்லை. பழைய செல் ஒழுகி, உள்ளே ஸ்பிரிங்கையும் அதிலிருந்து போகும் ஒயரையும் அரித்திருந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கடைசி வரை அதை ஜன்னலில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆகவே முதலில் பேட்டரி மூடியைத் திறங்கள். பச்சை பூத்திருந்தால் வேண்டாம். லேசான வெள்ளைப் பொடி என்றால் சுரண்டிவிடலாம். அடுத்து, சத்தம் கூட்டும் திருகை மெதுவாகத் திருப்புங்கள். கரகரத்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் தூசிதான். அதையே காட்டி விலையைக் குறைக்கலாம்!

மீடியம் வேவில் ஒரு நிலையத்தைப் பிடித்துக்கொண்டு பெட்டியைச் சுற்றித் திருப்பினால் ஒலி ஏறி இறங்க வேண்டும். அப்படியானால் உள்ளே இருக்கும் ஃபெரைட் கம்பி சரியாக வேலை செய்கிறது. சார்ட்வேவுக்கு வேறு சோதனை. ஏரியலை முழுக்க இழுத்து விரலால் தொடுங்கள். இரைச்சல் கூடினால் நல்லது. பட்டப்பகலில் 6 மெகாஹெர்ட்ஸ் பக்கம் தேடி ஒன்றுமில்லை என்று செட்டைக் குறை சொல்லக்கூடாது. அது ராத்திரிக்கான இடம். பகலில் 11, 15 பக்கம் போக வேண்டும். எல்.இ.டி. பல்பும் சார்ஜரும் எரிகிற கடைக்குள் கேட்காமல், தெருவுக்கு எடுத்து வந்து கேளுங்கள். திருகைத் திருப்பியும் முள் நகராமல் நின்றால் டயல் நூல் தளர்ந்திருக்கிறது. அதைக் கட்டித் தரும் ஆள் இப்போது அபூர்வம்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பி.பி.சி. தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017-லேயே நின்றுவிட்டது. புயல் செய்திக்கு உங்களுக்கு உதவப்போவது மீடியம் வேவ்தான். அது நன்றாக எடுக்காத செட், சார்ட்வேவ் எத்தனை பேண்ட் இருந்தாலும் உங்களுக்கு வேண்டாம்.

கடைக்காரர் அறுநூறு சொன்னார், நானூற்றைம்பதுக்கு முடிந்தது. அன்று இரவு 936-ல் திருச்சி தெளிவாகக் கேட்டது. பேட்டரியைக் கழற்றித் தனியாக வைத்துவிட்டுத்தான் படுத்தேன்.