வெட்டுவதற்கு ஒரு பழைய ஹொண்டா

என் தங்கையின் மகனுக்குக் 'கஃபே ரேசர்' பித்துப் பிடித்து ஓராண்டுக்கு மேலாகிறது. இந்தப் பெயரைக் கேள்விப்படாத வாசக நண்பர்களுக்காக ஒரு சிறு விளக்கம். 1950களிலும் 60களிலும் லண்டனின் ஏஸ் கஃபே போன்ற சிற்றுண்டிச்சாலைகளில் கூடிய இளைஞர்கள், தத்தம் டிரையம்ப், நோர்ட்டன் மோட்டார் சைக்கிள்களிலிருந்து ஓட்டத்துக்குத் தேவையற்ற அனைத்தையும் கழற்றி எறிந்தார்கள். தாழ்ந்த ஹேண்டில், ஒற்றை இருக்கை, உடம்பைத் தாங்கியின் மீது படுக்க வைத்துக்கொண்டு ஓட்டம். அவர்கள் அங்கே அருந்திய தேநீரில் எங்கள் மலையின் கொழுந்தும் கொஞ்சம் கலந்திருக்கும் என்பது என் ஊகம்.

இங்கே அந்தக் கோலத்துக்கு அகப்படுவன பழைய ஜப்பானிய வண்டிகளே. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின் அவை வந்து குவிந்தன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 வரை கதவு மூடிக் கிடந்ததில், கொட்டிலில் கோழி அடைந்து கிடந்த வண்டிக்கெல்லாம் மவுசு வந்துவிட்டது.

"மாமா, நீங்க பேப்பர்காரர். புத்தகத்தையும் நம்பரையும் நீங்க பாருங்க, எஞ்சினை நான் பாக்குறேன்" என்றான் மருமகன். வேலைப் பங்கீடு நியாயமாகவே பட்டது.

எந்த வண்டி என்பது முதல் கேள்வி. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கொழும்புக்கு அளவாக இருக்கும் காபரேட்டர் இங்கே பெற்றோலை மிகையாக ஊட்டும். பிளக் கரி படியும். சிறிய எஞ்சின் ஏற்றத்தில் மூச்சுத் திணறும். ஜப்பானிய தபாற்காரரின் சிவப்பு எம்.டி. 90 மலையகத்துக்கு ஏற்ற உழைப்பாளி. ஆனால் அது சூப்பர் கப் குடும்பத்துப் பிள்ளை. தகட்டை அழுத்தி வார்த்த உடம்பு. கஃபே ரேசரின் நேர்கோடு அதற்கு வராது. ஆகவே ஹொண்டாவின் 125 இரட்டைச் சிலிண்டர் வண்டிகளில் வந்து நின்றோம். அவற்றில் இரண்டு வகை. சி.பி. 125 டி வேகக்காரன்: இரண்டு காபரேட்டர், ஐந்து கியர். சி.டி. 125 டி குடும்பஸ்தன்: ஒரு காபரேட்டர், நான்கு கியர், சங்கிலியை முழுதாக மூடிய உறை, அகன்ற மட்கார்ட். இந்தக் குடும்பஸ்தனுக்கு 'பென்லி' என்றும் பெயர். வசதி என்று பொருள்படும் 'பென்ரி' என்ற ஜப்பானியச் சொல்லிலிருந்து வந்தது.

ஹட்டனில் முதலில் பார்த்தது 'சி.பி.' என்று சொல்லப்பட்டது. தாங்கியில் சி.பி. ஸ்டிக்கர் பளபளத்தது. குனிந்து பார்த்தால் ஒரேயொரு காபரேட்டர். அந்தக் காலத்து ஹொண்டாக்களில் எஞ்சின் எண்ணின் முன்பகுதியில் மாதிரியின் பெயரும் அதை அடுத்து 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும் வரும். இதில் தெளிவாக சி.டி. என்றே பொறித்திருந்தது. பழைய யமஹாக்களில் சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஒன்றாக இருப்பது வழக்கம். ஹொண்டாவில் அப்படியில்லை, இரண்டின் தொடரிலக்கமும் வேறுபடும். இது தெரியாமல் நல்ல ஹொண்டாவைச் சந்தேகித்து விட்டவர்களும் உண்டு. எண்கள் ஒன்றோடொன்று ஒத்திருக்க வேண்டியதில்லை. இரண்டும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்திருக்க வேண்டும்.

மருமகன் எஞ்சினின் திருகாணிகளைத் தடவிக் காட்டினான். ஜப்பானிய திருகாணியின் தலையில் பலவேளைகளில் ஒரு சிறு புள்ளி இருக்கும். அதன் சிலுவைப் பள்ளம் நம் கடைகளில் கிடைக்கும் பிலிப்ஸ் ஸ்க்ரூ டிரைவருக்குச் சரியாகப் பொருந்தாது; முறுக்கினால் வழுக்கித் தலையைத் தின்றுவிடும். அங்கே தலை தின்னப்படாத திருகாணி ஒன்றுகூட இல்லை. எத்தனை கைகள் திறந்தனவோ! நான் ஹேண்டில் கழுத்தில் இருந்த சேசிஸ் எண்ணின் மீது வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தேன். முதல் இலக்கங்கள் ஒரே ஆழத்தில் விழுந்தன. கடைசி மூன்றும் அலைந்தன. அவற்றைச் சுற்றி மட்டும் அரம் போட்ட தடம். சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

2022 எரிபொருள் நெருக்கடியில் கியூ.ஆர். அட்டைக்குப் பதிவு செய்யச் சேசிஸ் எண் கேட்டார்கள். மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று தொடங்கிய பங்கீடு அது. 'ஓப்பன் பேப்பரில்' கைமாறிக் கைமாறி வந்த வண்டிகளின் சொந்தக்காரர்கள் பலர் அப்போதுதான் முதன்முறையாகத் தம் வண்டியின் எண்ணைத் தேடிப் பார்த்தார்கள். எங்கள் சனத்துக்குக் கடதாசி என்பது விளையாட்டல்ல. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் எங்கள் பாட்டன்மாரிடம் கேட்டதும் கடதாசியைத்தான். 2003ஆம் ஆண்டின் சட்டம் வரும்வரை அந்த வழக்கு முழுதாகத் தீரவில்லை.

இரண்டாவது வண்டி பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருந்தது. தோட்ட மருந்தகத்தில் டிஸ்பென்சராக இருந்து காலமானவருடையது. தோட்டத்தார் அவரை 'டொக்டர் ஐயா' என்றே அழைத்தார்களாம். அவருடைய மனைவி சாக்கை விலக்கிக் காட்டினார். ஒரு பென்லி. சங்கிலி உறை, மட்கார்ட், இருக்கைக்குக் கீழே கருவிப் பை, எல்லாம் அதனதன் இடத்தில். திருகாணிகளின் புள்ளிகள் கூட அழியவில்லை. எண் தகட்டில் சிங்கள ஸ்ரீ. 1958இல் அந்த ஓரெழுத்துக்கு எதிராகத் தார் பூசும் போராட்டம் நடந்தபோது இதே பொகவந்தலாவையில் பொலிஸார் சுட்டு உயிர்கள் பலியாகின. முதலாவது சூப்பர் கப் ஜப்பானில் விற்பனைக்கு வந்ததும் அதே 1958. அந்தத் தகட்டோடு இந்த மனிதர் நடுநிசியில் லயம் லயமாகப் பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் போயிருக்கிறார்.

மருமகன் அளவு நாடாவை எடுத்து இருக்கையை அளக்கத் தொடங்கினான்.

"சீற்றை வெட்டுவீங்களா தம்பி?"

அவன் பதில் சொல்லவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

திரும்பும் வழியில் நோர்வூட் வரை எங்களுக்குள் வாக்குவாதம். அந்த வண்டியின் எண்ணும் சரி, புத்தகமும் சரி, எஞ்சினும் சரி. அதைவிட நல்லது கிடைக்காது என்பது அவன் கட்சி. நல்லது என்பதாலேயே வெட்டக்கூடாது என்பது என் கட்சி. எவரோ ஏற்கெனவே பாதி கழற்றித் தொலைத்துவிட்ட வண்டியை எடுத்துப் புது உருவம் கொடுப்பது கைத்திறன். நாற்பதாண்டு முழுதாக நின்றதைக் கழற்றி மட்கார்ட்டைப் பழைய இரும்புக்குப் போடுவதற்கு நான் அந்தச் சொல்லைப் பயன்படுத்த மாட்டேன். தவிரவும், ஹட்டன் மழையில் மட்கார்ட் இல்லாத வண்டி ஓட்டுபவரின் முதுகில் சேறு கோலம் போடும் என்பதை லண்டன் இளைஞர்கள் எவரும் அவனுக்குச் சொல்லவில்லை. "அப்ப எதைத்தான் மாமா வெட்டுறது?" என்றான் எரிச்சலோடு.

தலவாக்கலையில் ஒரு கராஜின் பின்புறம் அதற்கு விடை இருந்தது. இருக்கை இல்லை, சங்கிலி உறை இல்லை, தாங்கியின் அடி துருவில் சல்லடை. இதுவும் சி.டி. 125 டி. பென்சிலில் தேய்த்த எண் சீராக விழுந்தது. புத்தகம் விற்பவர் பெயரிலேயே இருந்தது. கைமாற்றப் படிவத்தில் என் கண்முன்னே கையெழுத்திட்டார். கழன்று கிடந்த உதிரிகளை மருமகன் புரட்டினான். ஹொண்டாவின் உதிரிப்பாக எண்ணில் நடுவிலுள்ள மூன்று இலக்கங்கள், அப்பாகம் முதலில் எந்த மாதிரிக்காகச் செய்யப்பட்டது என்பதைச் சொல்லும். 300 என்றால் 1969இன் புகழ்பெற்ற சி.பி. 750. பொறிப்பு இருந்த பாகங்களை அப்படித் தரம் பிரித்து, வேற்று வண்டிச் சாமான்களைக் கராஜ்காரரிடமே விட்டுவிட்டான்.

வயரிங் மட்டும் அறுபட்டு நார் நாராகத் தொங்குகிறது. பச்சை ஏர்த், சிவப்பு பற்றரி, கறுப்பு சாவிக்குப் பின்னால் வரும் மின்சாரம். அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். மற்ற நிறங்கள் எங்கே போகின்றன என்பதை முழு வண்டியொன்றைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். போன ஞாயிறு பொகவந்தலாவைக்குப் போய் அந்த பென்லியின் ஹெட்லைட்டைக் கவனமாகத் திறந்து ஐம்பது படங்கள் எடுத்து வந்திருக்கிறான். காபரேட்டரைக் கழுவிப் பூட்டி, மூன்றாவது உதையில் வண்டியையும் ஸ்டார்ட் பண்ணிக் கொடுத்தானாம். அந்த அம்மா இப்போதைக்கு விற்கவில்லை என்று சொல்லிவிட்டாராம். புள்ளி வைத்த திருகாணிக்குப் பொருந்தும் ஸ்க்ரூ டிரைவர் ஒன்றைக் கொழும்பிலிருந்து வாங்கி வரும்படி எனக்கு உத்தரவு வந்திருக்கிறது.