புயல் கூண்டுக்குக் காத்திருக்காதே

காரைக்கால்

அன்புள்ள தேன்மொழிக்கு,

மாமா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். வாடைக்காற்று திரும்பியதும் உன் அத்தைக்கு முழங்கால் வலி மட்டும் வந்துவிட்டது.

நீ போனில் சொன்னதைக் கேட்டதிலிருந்து மனசு சரியில்லை. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியதும் பஸ் ஏறுகிறாயாமே, அப்போதுதான் நல்ல படம் கிடைக்குமாமே! நல்ல யோசனைதான் போ. 2018 நவம்பரில் கஜா வந்த ராத்திரி நீ இந்த வீட்டில்தானே இருந்தாய்? நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரை கடந்ததற்கே நம் தெருவெல்லாம் மரம் சாய்ந்து கிடந்தது. யாருக்காவது கேமராவைத் தொடத் தோன்றியதா?

ஐப்பசி பிறந்ததும் வா, கண்ணு. மூட்டம் போட்ட வானம் வெளிச்சத்தைச் சல்லடையில் சலித்துப் போட்ட மாதிரி தரும். நிழல் விழாது, கறுத்த முகமும் பச்சை நாற்றும் அதனதன் நிறத்தில் இருக்கும். திருநள்ளாறு போகிற வழியில் வயலில் இறங்கிப் பார். யூரியா சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் தள்ளி, கொங்காணியாகத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பெண்கள் குனிந்திருப்பார்கள். சாக்கு நுனியில் சொட்டுகிற தண்ணீரைப் பிடித்தால் போதும், எனக்கு வேறு படமே வேண்டாம்.

மழை படத்தில் விழவே இல்லை என்று புலம்பினாயே, வெளிச்சம் உனக்கு எதிரே இருக்கணும், துளிக்குப் பின்னால் இருட்டு இருக்கணும். ஷட்டரை ஐந்நூறில் வைத்தால் துளி நிற்கும், முப்பதுக்கு இறக்கினால் கோடாக இழுக்கும். என் ஓட்டு கோட்டுக்குத்தான்.

பிரையன் பிரேக் 1960-ல் எடுத்த அந்த மழைப்பெண் படம் உனக்குத் தெரியும். அதில் இருப்பது அபர்ணா சென், அப்போது சின்னப்பெண். கல்கத்தாவில் மொட்டைமாடியில் நிற்கவைத்து, பூவாளியால் தண்ணீர் ஊற்றி எடுத்தது. மறுவருஷம் ‘லைஃப்’ இதழில் வந்து உலகமே பார்த்தது. ஏமாற்று வேலை என்பார்கள் சிலர். நான் அப்படிச் சொல்லமாட்டேன், அந்த முகம் நிஜமாகவே நனைந்திருக்கிறது. ஆனால் ரகுபீர் சிங் 1967-ல் பீகாரில் எடுத்தாரே, மழையில் ஒருத்தியை ஒருத்தி ஒட்டி நிற்கிற பெண்கள், அதைப் பார்த்தால் நமக்கே நடுங்கும். இரண்டிலும் புயல் எங்கே இருக்கிறது, சொல்லு? ஆள்தானே இருக்கிறார்கள்.

கிளிஞ்சல்மேட்டுக்கும் போய் வா. போட்டுகளை மேலே இழுத்துவிட்டு வலையைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருப்பார்கள். கடலுக்குப் போகாத நாள் அவர்களுக்குக் காசு இல்லாத நாள். போனதும் கேமராவை நீட்டாதே, கூட உட்கார்ந்து டீ குடி, பேசு. வேண்டாம் என்றால் விட்டுவிடு. அரசலாற்று முகத்துவாரத்துக்கு மட்டும் தனியாகப் போனாயோ, நான் பொல்லாதவன். மேலே தண்ணீர் திறந்துவிட்டால் ஆறு ஒரு பக்கம் தள்ளும், கடல் ஒரு பக்கம் தள்ளும்.

ஏசி அறையிலிருந்து கேமராவை எடுத்ததும் வெளியே ஓடாதே, லென்ஸில் ஆவி படரும். உப்புக்காற்று பட்டதை அன்றைக்கே துடைத்துவிடு. ஈரத்தோடு பையில் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலம் எடுத்து வைத்திருக்கிறேன்.

வருகிற தேதியை எழுது. உன் அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பு. இல்லாவிட்டால் பழி என் தலையில்தான் விழும். இந்த வயதிலும் அக்காவிடம் எனக்கு வாய் எழாது.

அன்புடன்,
மாமா