அல்கோபாசாவில் இரண்டு ராத்திரி



பத்து நாளாக ஒரே கேள்வி. "சார், மன்னார்குடி வீட்டை விக்கப் போறீங்களாமே?" புரோக்கர் போட்டோவை வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டிருக்கிறார் போல. யாருக்கும் நான் பதில் எழுதவில்லை. இன்றைக்கு எழுதுகிறேன். ஆனால் என் வகுப்பு எப்படி என்று உங்களுக்குத் தெரியும். கேட்ட கேள்விக்குப் பதில் மணி அடிக்கிற நேரத்தில்தான் வரும். அதுவரை போர்ச்சுக்கல் பாடம்.

நானும் டீச்சரம்மாவும் (அவள் டீச்சர் இல்லை, நீங்கள் வைத்த பேர்தான்) பெரியவனோடு லிஸ்பனில் இருக்கிறோம். வந்த நாலாவது நாள் சாப்பாட்டு மேசையில் பெரியவன், "அப்பா, வீட்டுக்கு அட்வான்ஸ் வாங்கிட்டீங்கல்ல, அடுத்து நாங்க விசா வேலையை ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டுவிட்டான். அவளுக்கு அதுவரை தெரியாது. கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்படியா" என்றாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் பதினோரு நாள் காபி வேணுமா, மாத்திரை போட்டாச்சா, இதற்கு மேல் பேச்சில்லை.

வீட்டுப் பத்திரம் என் பெயரில் இருக்கிறது. 1988-இல் அஸ்திவாரம் போட்டபோது அடகுக் கடைக்குப் போன நகை அவளுடையது. அதில் பாதி திரும்பவே இல்லை. முப்பத்து நாலு வருஷம் குடிமையியல் பாடத்தில் மக்களாட்சி பற்றி உங்களுக்கு நடத்தியவன் நான். வீட்டிலிருக்கும் ஒரே ஓட்டைக் கேட்காமல் முடிவெடுத்தேன். மெத்தப் படித்தவன் செய்கிற தப்பு மாதிரியே இல்லை.

பெரியவனுக்கு எங்கள் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை போலிருக்கிறது. அல்கோபாசா என்ற ஊரில் இரண்டு ராத்திரிக்கு ரூம் போட்டு, செத்தே ரியோஸ் பஸ் நிலையத்தில் கொண்டுவந்து ஏற்றிவிட்டான். "அப்பா, உங்களுக்குப் பிடிச்ச சரித்திரம் நிறைய இருக்கு. அம்மா, ஆப்பிள் நல்லா இருக்குமாம்." இரண்டு மணி நேரப் பயணம். ஜன்னல் சீட்டை அவளே எடுத்துக்கொண்டாள்.

அல்கோவா, பாசா என்று இரண்டு சிற்றாறுகள் கூடுகிற ஊர் அது. இரண்டு பேரையும் சேர்த்துத்தான் ஊருக்குப் பேர் வந்தது என்பார்கள். ஊரின் நடுவில் மடம். மடத்தைச் சுற்றித்தான் ஊர். போர்ச்சுக்கலின் முதல் ராஜா அஃபோன்சோ என்ரிக்கெஸ் 1153-இல் சிஸ்டர்சியன் துறவிகளுக்குக் கொடுத்த நிலம் இது. சாந்தரேம் கோட்டையைப் பிடித்தால் மடம் கட்டுவதாக நேர்ந்துகொண்டான் என்று கதை. அந்தக் கதையை ஒரு மண்டபச் சுவர் முழுக்க நீலமும் வெள்ளையுமாக ஓடுகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். இப்போது மடத்தின் ஒரு பகுதியையே ஐந்து நட்சத்திர விடுதியாக்கிவிட்டார்கள். பென்ஷன்காரனுக்கு அது ஆகாது. நாங்கள் தங்கியது பின்பக்கச் சந்தில், மூன்று மாடி பழைய வீடு ஒன்றில். மொத்தம் ஆறு அறை. நடத்துவது எண்பதை ஒட்டிய ஒரு பாட்டி.

லிப்ட் இல்லை. எங்கள் அறை மூன்றாவது மாடியில். மரப்படி, நாற்பத்திரண்டு. டீச்சரம்மாவின் முழங்கால் உங்களுக்குத் தெரியும். ஏழாவது படியில் நின்று அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. பாட்டி கீழிருந்து பார்த்தாள். கடகடவென்று ஏதோ சொல்லிவிட்டு, தரைத்தளத்தில் தன் அறைக்குப் பக்கத்தில் இருந்த அறையைத் திறந்துவிட்டாள். கொடுக்கும்போது கையை ஆட்டி, "சாவ்" என்றாள்.

பிள்ளைகளே, சாவி! ஒரு மார்க் கேள்வியாக வருஷாவருஷம் கேட்பேனே, போர்த்துக்கீசியரிடமிருந்து தமிழுக்கு வந்த சொற்கள் எவை என்று. அதெல்லாம் அந்த அறையில் உட்கார்ந்திருந்தது. ஜன்னலைத் தொட்டு "ஜனெலா" என்றாள் பாட்டி. மேசை, "மெஸா". அலமாரி, "அர்மாரியு". துவாலையை மடித்துக் கொடுத்து, "துவால்யா". நான் ஒவ்வொன்றுக்கும் தமிழ்ச் சொல்லைச் சொல்லச் சொல்ல பாட்டிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. டீச்சரம்மா என்னைப் பார்க்காமல் கட்டில் விரிப்பைத் தடவிக்கொண்டிருந்தாள். அகலமான பட்டைகள், நடுவே கிளிகள், பூக்கள், அன்னாசிப்பழம். பாட்டியிடம் அதைக் காட்டி "என்ன?" என்று கையால் கேட்டாள். "ஷீத்தா" என்றாள் பாட்டி. "ஷீத்தா த அல்கோபாசா."

"சீட்டித் துணிங்க" என்றாள் இவள். என்னிடம்தான். பதினோரு நாளில் அதுதான் முதல் உபரி வாக்கியம். அது உண்மையும்கூட. இந்தியாவிலிருந்து கப்பலில் போன பூ அச்சடித்த பருத்தித் துணியைப் பார்த்துத்தான் இவர்கள் இதைச் செய்யக் கற்றுக்கொண்டார்கள். துணியோடு பேரும் போயிருக்கிறது. சாவி அங்கிருந்து வந்தது, சீட்டி இங்கிருந்து போனது. பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம்தான் போட்டிருந்தோம்.

மறுநாள் மடத்துக்குப் போனோம். வெளிமுகப்பு பிற்காலத்து வேலை, சிற்பமும் கோபுரமுமாக ஆடம்பரம். உள்ளே நுழைந்தால் ஒன்றுமே இல்லை. வெள்ளைக் கல் தூண்கள், தூண்கள், தூண்கள். நூறு மீட்டருக்கு மேல் நீளம், இருபது மீட்டர் உயரம், ஒடுக்கமான அகலம். 1178-இல் கட்டத் தொடங்கியது. அலங்காரம் மனதைக் கலைக்கும் என்பது அந்தத் துறவிகளின் கொள்கை. பேச்சும் அப்படித்தான். சாப்பாட்டுக் கூடத்தில் சுவருக்குள்ளேயே படி குடைந்து மேலே ஒரு மேடை. ஒருவர் அங்கே நின்று வேதம் வாசிப்பார், மற்றவர்கள் வாய் திறக்காமல் சாப்பிடுவார்கள். உப்பு வேண்டும் என்றால் கை ஜாடைதான். அதற்கென்றே ஒரு ஜாடை மொழி வைத்திருந்தார்கள். எங்களுக்கு அதில் பதினோரு நாள் பயிற்சி இருந்தது.

இன்னொன்று, உங்களில் ஆசிரியர்களாகிவிட்டவர்களுக்காக. இந்த மடத்தில் 1269-இலேயே வெளியாட்களுக்கும் வகுப்பு நடத்தியிருக்கிறார்கள். பேசாத துறவிகள் நடத்திய பள்ளிக்கூடம்! எங்கள் தலைமையாசிரியர் கனவு கண்டது அதைத்தான்.

சமையலறையை மட்டும் சொல்லாமல் விட முடியாது. பதினெட்டாம் நூற்றாண்டில் புதுப்பித்தது. நடுவில் நிற்கிற புகைபோக்கியே ஒரு வீட்டு உயரம், முழுக்க ஓடு பதித்தது. ஆற்று வாய்க்காலையே உள்ளே திருப்பிவிட்டிருக்கிறார்கள், தொட்டியில் தண்ணீர் ஓடிக்கொண்டேயிருக்கும். ஆறேழு மாட்டை ஒரே நேரத்தில் வாட்டலாம் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். டீச்சரம்மா வேகமாக வெளியே வந்துவிட்டாள். கண்ணாடிப் பெட்டிக்குள் அழகழகாக அடுக்கியிருந்த மடத்து இனிப்புகளும் அவளுக்கு உதவவில்லை, எல்லாமே முட்டை மஞ்சள் கரு. நான் இரண்டு சாப்பிட்டேன். சர்க்கரை அளவைப் பற்றி யாரும் கமென்டில் கேட்க வேண்டாம்.

இந்த ஊருக்கு எல்லோரும் வருவது இரண்டு கல்லறைகளைப் பார்க்கத்தான். பெட்ரோ இளவரசன். அவன் மனைவிக்குத் தோழியாக வந்தவள் இனேஸ் டி காஸ்ட்ரோ. மனைவி இறந்தபின் இவளோடு வாழ்ந்தான், பிள்ளைகள் பிறந்தன. அப்பா நாலாம் அஃபோன்சோவுக்குப் பிடிக்கவில்லை. 1355 ஜனவரியில் பெட்ரோ ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து கோயிம்ப்ராவில் அவளைக் கொல்லச் செய்தான். இரண்டு வருஷத்தில் பெட்ரோ ராஜாவானான். கொலைகாரர்களில் இருவரைப் பிடித்து நெஞ்சைப் பிளக்க வைத்தான். அவளைத் தான் ரகசியமாக மணந்திருந்ததாக அறிவித்து, கோயிம்ப்ராவிலிருந்து உடலை ஊர்வலமாக இங்கே கொண்டுவந்தான். பிணத்துக்கு முடிசூட்டினான் என்பதெல்லாம் பிற்காலத்துக் கதை. வாஸ்கோ ட காமாவின் இந்தியப் பயணத்தைப் பாடிய கமோயிஷ், அதே காவியத்தில் இவளுடைய கதையையும் பாடியிருக்கிறார்.

சுண்ணாம்புக் கல்லில் தந்தம்போல் செதுக்கியிருக்கிறார்கள். 1810-ஐ ஒட்டி வந்த பிரெஞ்சுப் படை புதையல் தேடி உடைத்த காயம் இன்னும் தெரிகிறது. கோயிலின் குறுக்குக் கையில் ஒரு பக்கம் அவன், எதிர்ப்பக்கம் அவள். காலுக்கு நேராகக் கால். நியாயத்தீர்ப்பு நாளில் எழுந்து உட்கார்ந்தால் முதலில் கண்ணில் படுவது அடுத்தவர் முகமாக இருக்க வேண்டுமாம். உலகம் முடியும்வரை என்று அவன் கல்லறையில் எழுதியிருக்கிறது. அவள் கல்லறையைத் தாங்குவது மனித முகம் கொண்ட மிருகங்கள். கொன்றவர்களைத்தான் அப்படிச் செதுக்கியிருக்கிறார்கள் என்பது ஊர்ப் பேச்சு.

சரித்திர வாத்தியாருக்கு வாய் சும்மா இருக்குமா? "இதெல்லாம் முதலில் பக்கம் பக்கமாத்தான் இருந்தது. இப்ப இருக்கிற இடத்துக்கு மாத்தினது 1956-ல" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "செத்தப்புறம் மூஞ்சியப் பாக்கணும்னு ஆசை. இருக்கும்போது மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்தை கேட்கத் தோணல, இல்லீங்களா?" என்றாள்.

பெட்ரோவைத்தான் சொல்கிறாள் என்பதுபோல நின்றுகொண்டேன். அப்புறம் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். என்ன சொன்னேன் என்பது எங்களோடு இருக்கட்டும். அவள் சொன்னதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். "விக்கக் கூடாதுன்னு நான் சொல்லல. என்னைக் கேட்டிருந்தா வித்துடுங்கன்னுகூடச் சொல்லியிருப்பேன்."

எனக்கு அதுதான் வலித்தது.

அன்று ராத்திரி பாட்டியோடு சமையலறையில் உட்கார்ந்தோம். ஒரு தட்டு ஆப்பிளை வெட்டி வைத்தாள். "ஷா?" என்றாள். டீ. இதற்கும் தமிழில் பதில் இருந்தது. பிறகு என் போனில் மொழிபெயர்ப்பை நடுவில் வைத்துப் பேசினோம். பாட்டியின் மகன் பிரான்சில் இருக்கிறான். அந்தத் தலைமுறையில் போர்ச்சுக்கல்காரர்கள் லட்சக்கணக்கில் பிழைப்புக்கு அங்கேதான் போனார்கள். விடுதியை மூடிவிட்டு வா என்று கூப்பிட்டான், போனாளாம். ஐந்தாவது மாடி. மகனும் மருமகளும் காலையில் போனால் இருட்டித்தான் வருவார்கள். நாலு மாதத்தில் திரும்பிவிட்டாள்.

நான் டீச்சரம்மாவைப் பார்த்தேன். பார்த்தாயா, நம் வீடு நமக்குத்தான் என்று இப்போது அவள் சொல்வாள் என்று நினைத்தேன். பாட்டி முடிக்கவில்லை. போன குளிர்காலத்தில் ஒரு ராத்திரி அந்த மரப்படியில் விழுந்தாளாம். விடுதியில் அன்று ஆளில்லை. விடியற்காலை ரொட்டி கொண்டுவந்த பையன் பார்க்கிறவரை படிக்கட்டின் அடியிலேயே கிடந்திருக்கிறாள். இடுப்பைத் தொட்டுக் காட்டினாள். போன் அதைத் தன் மரக்கட்டைக் குரலில், "நான் காலை வரை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்று சொன்னது.

யாரும் பேசவில்லை. டீச்சரம்மா பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டை விற்க எனக்கு இருந்த காரணம் உண்மையில் இதுதான். போன ஐப்பசியில் மொட்டைமாடிப் படியில் எனக்குத் தலைசுற்றி உட்கார்ந்தது யாருக்கும் தெரியாது, அவளுக்கும் நான் சொல்லவில்லை. அன்றைக்குத்தான் சொன்னேன். "இதையுமா சொல்லல?" என்று மறுபடி ஒரு மணி நேரம் கோபம். ஆனால் அது பேசுகிற கோபம், நல்ல கோபம்.

ராத்திரி பன்னிரண்டு மணி வரை, மடத்துச் சுவர் தெரிகிற ஜன்னலோரம் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மறுநாள் காலை புரோக்கருக்குப் போன் செய்தது அவள்தான். முடிவு இது. இப்போதைக்கு வீடு விற்பனைக்கு இல்லை. ஒரு லட்சம் அட்வான்ஸ் வட்டியோடு திரும்பப் போகிறது. பிக்சட் டெபாசிட் உடைக்கிறேன், அந்த நஷ்டம் என் கணக்கில். வருஷத்தில் தொண்ணூறு நாள் பெரியவனிடம், மற்ற நாள் மன்னார்குடியில். இரண்டு வருஷம் கழித்து மறுபடி பேசுவோம், இரண்டு பேரும். விற்கலாம் என்று முடிவானால் அப்போது விற்போம்.

விடைபெறும்போது பாட்டி அந்தச் சீட்டித் துணியில் ஒரு தலையணை உறை கொடுத்தாள். டீச்சரம்மா தன் பையிலிருந்த மஞ்சள்தூள் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, அதை எப்படிப் போடுவது என்று கையாலேயே சொல்லிக்கொடுத்தாள். பாட்டி அதை எதில் போட்டாளோ!

அடுத்த மாதம் 14-ஆம் தேதி ஊர் வந்துவிடுவோம். டீச்சரம்மாவின் நிபந்தனைகள் மூன்று. படுக்கை கீழ்க்கூடத்துக்கு இறங்க வேண்டும். நான் தனியாக மொட்டைமாடி ஏறக் கூடாது. படிக்கட்டுக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி போட வேண்டும். 2003 பேட்ச்சில் ஒருவன் நீடாமங்கலத்தில் கிரில் பட்டறை வைத்திருப்பதாகச் சொன்னார்கள். அவன் நம்பர் இருந்தால் கமென்டில் போடாமல் எனக்குத் தனியாக அனுப்புங்கள். வேலைக்குக் கூலி வாங்கிக்கொள்வதாக இருந்தால்தான் வரச் சொல்லுங்கள்.